வன்னி மண்ணின் வாக்கு: வவுனியாத் தொகுதி சொல்லும் கதை

(வவுனியாவில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

   

காலபோக விதைப்பு முடிந்து குளங்களில் நீர் ஏறுகின்ற இந்நாளில் வயலை விட்டு இங்கு வந்திருக்கிறீர்கள். நாம் வாக்குக் கேட்க வரவில்லை. ஆகவே உங்களைப் புகழ வேண்டிய கட்டாயமும் எவரையும் இகழ வேண்டிய கட்டாயமும் எமக்கில்லை. வவுனியாத் தொகுதி என்று ஒன்று இருந்தது. 1947 முதல் 1983 வரை அது யாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது, அனுப்பியதனால் இம்மண் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பதை எடுத்துரைக்கவே வந்தோம். பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். தொகுதி எல்லைகளை மீண்டும் கீறவேண்டும் என்ற பேச்சு நாட்டில் எழுந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. கோடு கீறுகின்ற கை பிறருடையதாக இருக்கும்போது, பழைய கோடு எங்கே ஓடியது என்பதையேனும் நாம் அறிந்திருக்க வேண்டாமா?

முதலில் ஒன்று. வவுனியாத் தொகுதி மக்கள் தொகையால் மட்டும் பிறந்ததன்று, மண்ணால் பிறந்தது. சோல்பரி அரசியற்றிட்டம் 75,000 மக்களுக்கு ஓர் இடம் என்று வகுத்தது. அதனோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம் வீதம் மேலதிகமாகவும் கொடுத்தது. அவ்விதியின்படி வடமாகாணம் பெற்ற 9 இடங்களுள் 4 இடங்கள் நிலப்பரப்புக்காகக் கிடைத்தவை. வடமாகாணத்தின் பரப்பு ஏறக்குறைய 3,400 சதுர மைல். அதிலே குடாநாடு எட்டிலொரு பங்கு. மிகுதியிற் பெரும்பாகம் வன்னிப் பெருநிலம். அந்த 4 இடங்களையும் மாகாணத்துக்கு ஈட்டிக்கொடுத்தவை வன்னிக் காடும் குளமுமே என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் 9 தொகுதிகளுள் 7 தொகுதிகள் யாழ்ப்பாண மாவட்டத்திலே அமைந்தன. வவுனியாவுக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று. பங்கு கேட்டுப் பிணங்குவதற்காக இதனைக் கூறினோமல்லோம். மக்கள் இருந்த இடத்தில் இடங்கள் அமைந்தன; அது முறையே. ஆனால் ஆளில்லாத காடுதானே என்று எவரேனும் வன்னியை எளிதாகப் பேசினால், அந்தக் காடும் ஒரு காலத்தில் வாக்குக்கு நிகராக எண்ணப்பட்டது என்று சொல்லுங்கள்.

அதற்கு முந்திய அரசாங்க சபைக் காலத்தில் மன்னாரும் முல்லைத்தீவும் சேர்ந்து ஒரே தொகுதி. 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் குடாநாட்டுத் தொகுதிகள் நான்கும் தேர்தலைப் பகிஷ்கரித்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி பகிஷ்கரிக்கவில்லை. அது தன் அங்கத்தவரைத் தெரிந்து அனுப்பிற்று. வன்னி தன் வழியே நடக்கும் என்பதற்கு அது முதற் சான்று.

இரண்டாவது சான்று 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். ஐம்பதுக்கு ஐம்பது என்ற முழக்கம் தமிழர் நாடெங்கும் ஒலித்த காலம் அது. திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் தமிழ்க் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அவற்றுள் 6 யாழ்ப்பாண மாவட்டத்தில். வன்னியிலே நடந்தது வேறு. வவுனியா திரு. சி. சுந்தரலிங்கம் அவர்களையும், மன்னார் திரு. சி. சிற்றம்பலம் அவர்களையும் அனுப்பின. இருவரும் சுயேச்சை அபேட்சகர்கள். இருவரும் டி. எஸ். சேனநாயக்காவின் முதல் மந்திரிசபையில் இடம்பெற்றனர். சிற்றம்பலம் தபால், தந்தித் தொடர்பு மந்திரி. சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப மந்திரி. சுதந்திர இலங்கை உதயமானபோது மந்திரிசபையில் அமர்ந்திருந்த தமிழர் இருவரும் வன்னித் தொகுதிகளின் பிரதிநிதிகள் என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

சுந்தரலிங்கம் அவர்களைப் பற்றிச் சிறிது விரித்துப் பேசவேண்டும். அவர் வன்னியிற் பிறந்தவரல்லர். யாழ்ப்பாணத்து உரும்பிராயிலே 1895 இல் பிறந்தவர். ஒக்ஸ்போட்டிலே கற்றவர், சிவில் சேவையில் இருந்தவர், பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர், பாரிஸ்டர். இப்படிப்பட்ட ஒருவரை ஏர் பிடிக்கும் கமக்காரன் ஏன் தேர்ந்தான்? வன்னிக் கமக்காரன் கட்சியைப் பார்த்து வாக்களிக்கவில்லை, ஆளைப் பார்த்து வாக்களித்தான் என்பதே எமது எண்ணம். கச்சேரிக்குப் போனால் விதானையாருக்கும் முதலியாருக்கும் அஞ்சி நின்றவன், எவருக்கும் அஞ்சாத ஒருவரைத் தனக்காகப் பேச அனுப்ப விரும்பினான். அஞ்சாமை அவரிடம் நிறைய இருந்தது. சில வேளைகளில் அளவுக்கு மேலேயும் இருந்தது.

மந்திரியாகி ஒன்றரை ஆண்டு நிறையுமுன் சோதனை வந்தது. 1948 இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராவதற்கும் வாக்கற்றவராவதற்கும் வழிகோலிய காரியம் அது. அந்த மசோதா தொடர்பாகப் பிரதமரோடு ஏற்பட்ட பிணக்கில், 1948 டிசம்பரில் சுந்தரலிங்கம் மந்திரிப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் பொன்னம்பலம் அவர்கள் மந்திரிப் பதவியை ஏற்றிருந்தார். தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது. 1949 டிசம்பரில் செல்வநாயகம் அவர்களின் தலைமையிலே தமிழரசுக் கட்சி தோன்றிற்று. தன் தொகுதியில் ஒரு வாக்குத்தானும் அளிக்கமுடியாத தோட்டத் தொழிலாளரின் பொருட்டு ஒரு மனிதர் மந்திரிக் கதிரையை விட்டு எழுந்தார். அந்தச் செயலை நாம் இன்றும் வணங்குகிறோம்.

நிற்க. அதன் பின் நடந்தவை எல்லாவற்றையும் அவ்விதமே வணங்குவதற்கு எமக்கு மனம் ஒப்பவில்லை. 1951 இல் வாளேந்திய சிங்கக் கொடி தேசியக் கொடியாக ஏற்கப்பட்டபோது, அதனை எதிர்த்துப் பாராளுமன்ற இடத்தைத் துறந்தார். உப தேர்தலில் வவுனியா அவரையே மீண்டும் அனுப்பியது. 1952 பொதுத் தேர்தலிலும் அவரே. 1955 இல் சிங்களம் மட்டும் என்ற கூக்குரல் எழுந்தபோது மூன்று மாதம் சபைக்குச் செல்லாதிருந்து இடத்தை இழந்தார். வவுனியா மறுபடியும் அவரையே அனுப்பியது. 1956 இலும் அவரே. அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பெருவெற்றி பெற்று 10 இடங்களைக் கைப்பற்றியது; மன்னாரும் அதன் பக்கம் சாய்ந்தது. வவுனியா மாத்திரம் தன் பேராசிரியரைக் கைவிடவில்லை. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை ஒரே மனிதருக்கு வாக்கு! தமிழ்த் தொகுதிகளுள் இத்தகைய பற்றுதல் வேறெங்கும் காண்பதரிது.

ஆனால் கமக்காரரின் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்போம். அங்கத்தவரின் கதிரை வெறுமையாக இருந்த மாதங்களிலே குளக்கட்டு உடைந்தால் யாரிடம் போவது? அக்காலம் வன்னியின் குளங்கள் புனரமைக்கப்பட்ட காலம். பாவற்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று ஒவ்வொன்றாகக் கட்டுயர்ந்து, காடு வெட்டிக் குடியேற்றங்கள் எழுந்தன. எந்தக் குளத்தின் கீழே எத்தனை ஏக்கர், யாருக்குக் காணி, யார் குடியேறுவது என்பவையெல்லாம் கொழும்புக் கந்தோர்களில் எழுதப்பட்ட ஆண்டுகள் அவை. தெற்கெல்லையிலே பதவியாக் குடியேற்றம் 1958 இல் பெரும் பிணக்காக வெடித்தது. கொடிக்காக எழுந்து போவது மானம். ஆயினும் காணிப் பத்திரம் எழுதப்படுகின்ற மேசையின் அருகே நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே! எழுந்து போனது தவறு என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. எழுந்து போகிறவர் தமக்குப் பின்னே யாரை நிறுத்திவிட்டுப் போகிறார் என்று கேட்கிறோம்.

1960 மார்ச்சில் வவுனியா அவரைத் தோற்கடித்தது. வென்றவர் திரு. த. சிவசிதம்பரம், அவரும் சுயேச்சையே. உடுப்பிட்டித் தொகுதியின் மு. சிவசிதம்பரம் அவர்களோடு இவரைச் சேர்த்துக் குழப்புவோர் இன்றும் உளர். இருவரும் வேறு வேறு மனிதர். அவ்வாண்டு யூலையிலும் இவரே வென்றார். 1965 இல் தமிழ்க் காங்கிரஸின் சார்பில் நின்று வென்றார். ஆக 1947 தொடங்கி 1970 வரையுள்ள கால்நூற்றாண்டு காலத்தில் வவுனியாத் தொகுதி தமிழரசுக் கட்சிக்கு ஒருமுறைதானும் இடங்கொடுக்கவில்லை. தமிழ் உணர்ச்சி இல்லாமையால் அன்று. சுந்தரலிங்கத்தை விடத் தீவிரமாகத் தமிழர் தனிநாட்டைப் பற்றிப் பேசியவர் அக்காலத்தில் எவர்? வன்னியான் யாழ்ப்பாணத்திலிருந்து வருகின்ற கட்சிச் சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

தோல்விக்குப் பின் சுந்தரலிங்கம் அவர்களின் வரலாறு எமக்கு மனவருத்தம் தருவது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, தாழ்த்தப்பட்ட தமிழர் உள்ளே நுழையாதவாறு தடுத்து நின்றோருள் அவரே முன்னின்றார். நாடற்ற தமிழருக்காக மந்திரிப் பதவியை விட்டவர், சொந்த ஊர்த் தமிழன் கோயிலுக்குள் வருவதைப் பொறுக்கவில்லை. இதனை மறைத்துவிட்டு அவருடைய பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. 1970 இல் காங்கேசன்துறையிலே செல்வநாயகம் அவர்களை எதிர்த்துத் தோற்றார். 1985 இல் காலமானார்.

1970 இல் வவுனியாவில் தமிழரசுக் கட்சி முதன்முறையாக வென்றது, திரு. எக்ஸ். எம். செல்லத்தம்பு அங்கத்தவரானார். அதே தேர்தலிற் குடாநாட்டு வட்டுக்கோட்டையிலே அக்கட்சியின் தூணாகிய அமிர்தலிங்கம் அவர்கள் தோற்றார் என்பதையும் சேர்த்து நினையுங்கள். குடாநாடு தளர்ந்த இடத்தில் வன்னி ஏற்றது! அடுத்த ஏழாண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. முத்தையன்கட்டிலே படித்த வாலிபர் திட்டத்திற் குடியேறிய இளைஞர் மண்வெட்டி பிடித்துப் பணம் கண்டனர். சோறும் பாணும் தட்டுப்பட்ட அவ்வாண்டுகளை நகரத்தார் சபித்தனர். வன்னித் தோட்டக்காரர் சபிக்கவில்லை. எனினும் 1972 அரசியலமைப்புத் தமிழருக்கு விட்ட குறையை மிளகாய் விலை நிரப்பவில்லை. 1976 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 இல் தொகுதி இரண்டாயிற்று. முல்லைத்தீவு தனித் தொகுதியாகி செல்லத்தம்பு அவர்களை அனுப்பியது. வவுனியா பழைய த. சிவசிதம்பரம் அவர்களை அனுப்பியது. இருவரும் தமிழர் விடுதலைக் கூட்டணியினர். சுயேச்சை வன்னி முதன்முறையாகத் தமிழர் நாடு முழுவதோடும் ஒரே சின்னத்திற் சேர்ந்து நின்றது.

அப்படிச் சேர்ந்து நின்ற வாக்குக்கு வந்த முடிவென்ன? 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி ஆறாண்டுக்கு நீட்டினார்கள். கூட்டணியினர் சபையைப் பகிஷ்கரித்தனர். 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையைக் கைவிட்டுச் சத்தியம் செய்யவேண்டும் என்றது. அவ்வாண்டு ஒக்டோபரில், தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராமையால் அவர்களின் இடங்கள் பறிபோயின. 1955 இல் சுந்தரலிங்கம் இழந்த அதே விதியினால்! ஆனால் ஒரு வேறுபாடு. 1955 இல் உப தேர்தல் நடந்தது. மக்கள் தம் ஆளைத் திருப்பி அனுப்பினர். 1983 இற்குப் பின் அந்த வாய்ப்பு மக்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பொதுத் தேர்தல் 1989 இலேதான் வந்தது. அப்போது வவுனியாத் தொகுதி என்ற ஒன்று இல்லை.

இனி, மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விடயத்துக்கு வருகிறோம். 1970களின் நடுப்பகுதியிலே தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடியபோதும், 1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின்னரும், மலைநாட்டுத் தமிழர் ஆயிரக்கணக்கில் வன்னிக்கு வந்தனர். அவர்களைக் குடியமர்த்திய காந்தீயம் இயக்கத்தின் மையம் இதே வவுனியா. அதனை முன்னின்று நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் அவர்கள் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். 1948 இல் இத்தொகுதியின் அங்கத்தவர் யாருக்காக மந்திரிப் பதவியைத் துறந்தாரோ, அந்த மக்களே முப்பது ஆண்டு கழித்து இத்தொகுதியின் காட்டை வெட்டி வயலாக்க வந்தனர். காடு வெட்டியவர்கள், யானைக்கும் மலேரியாவுக்கும் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள், அவர்களுட் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை! 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே அவர்களின் குடியுரிமைக் குறை சட்டத்தில் நீங்கிற்று. சட்டத்தில் நீங்கியது எமது மனத்தில் நீங்கிற்றா? அவர்களை இன்றும் வந்தேறிகள் என்று பேசுவோர் இவ்வவையில் இல்லாதிருக்கட்டும். வன்னியில் யாருடைய பூட்டன் இங்கே பிறந்தான் என்று கணக்கெடுக்கத் தொடங்கினால், எமது பேராசிரியரே உரும்பிராயார்தான்!

மண்ணை எண்ணினார்கள், தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணினார்கள். மூன்றும் ஒரே கணக்காக ஒருநாளும் இருந்ததில்லை. 1959 இல் தொகுதிகளை 145 ஆகப் பிரித்தபோது, வாக்கற்ற மலைநாட்டுத் தமிழரின் தலைகளும் எண்ணப்பட்டன. அத்தலைகளால் மலைநாட்டிலே இடங்கள் பெருகின. அவ்விடங்களுக்கு அங்கத்தவரைத் தேர்ந்தவர்கள் வேறு மக்கள். தலை ஒருவனுடையது, வாக்கு இன்னொருவனுடையது. அதே தலைகள் வன்னிக்கு வந்து உழைத்தபோது இங்கும் அவ்வாறே நிகழ்ந்தது.

இன்றைய முறையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1978 அரசியலமைப்பின் கீழ் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். ஏறக்குறைய 2,500 சதுர மைல். 2024 நவம்பரில் அதன் 6 இடங்களை ஐந்து கட்சிகள் பங்கிட்டுக்கொண்டன. இம்முறையிலே நன்மை இல்லையென்று சொல்லமாட்டோம். பழைய தொகுதிமுறையில் வவுனியாவின் முஸ்லிம் வாக்காளனும் சிங்கள வாக்காளனும் தம் ஆளைச் சபையிற் காண்பது அரிது, இப்போது காண்கிறான். ஆனால் நெடுங்கேணிக் கமக்காரன், ஆறு பேருக்கும் தான் பொது. ஆறு பேருள் ஒருவரும் தனக்கு மட்டும் உரியவரல்லர் என்று உணர்கிறான். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியார் தமக்குள்ளே மோதுவதையும் காண்கிறான். துருசு பழுதானால் ஆறு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது. ஆறு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுகிறார்கள்.

மாகாண சபைக்கு வருவோம். 2013 செப்டெம்பரில் வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. வவுனியாவுக்கு 6 இடம், முல்லைத்தீவுக்கு 5, மன்னாருக்கு 5. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டு, தொகுதிமுறையையும் விகிதாசார முறையையும் கலந்து ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கையும் எழுதினார்கள். 2018 ஆகஸ்டிலே பாராளுமன்றம் அவ்வறிக்கையை நிராகரித்தது. கோடு கீறி முடியாமையால் தேர்தலும் நின்றது. வாக்கைப் பறிக்க இது நல்ல உபாயம். எவரும் எவரையும் தடுத்ததாகத் தெரியாது!

கோடு மீண்டும் கீறப்படும்போது நாம் கேட்கவேண்டியது என்ன? பரப்புக்குரிய பங்கை விடக்கூடாது. இன்றைய அரசியலமைப்பிலும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 4 இடம் அவ்வாறு உண்டு. மாகாணத்துக்குள் அதனை நியாயமாகப் பங்கிடவேண்டும் என்பதே விதி. அடுத்தது, ஒரு குளத்தின் கீழுள்ள வயற்பரப்பை இரண்டு தொகுதியாக வெட்டக்கூடாது. வாய்க்காலின் தலைப்பு ஒருவருக்கும் கடைமடை இன்னொருவருக்குமாகப் போனால், தண்ணீர்ப் பிணக்குத் தேர்தற் பிணக்காகிவிடும். வரைபடம் கீறுவோர் குளத்தை அறியார். வழக்கறிஞர்களும் நில அளவையாளரும் கமக்காரரோடு உட்கார்ந்து அதனை எழுதிக்கொடுக்க வேண்டும். மேடையிற் பேசுவதனாலே கோடு நகராது.

இன்னொன்று எல்லாவற்றிலும் பெரியது. இன்று மாவட்டங்களுக்குரிய இடங்கள் தலைக்கணக்கினால் அன்று, தேர்தல் இடாப்பிலுள்ள பெயர்க்கணக்கினாலே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள்: 2010 இல் 9 இடம், 2015 இல் 7, 2024 இல் 6. போரிலே இறந்தவரும் கடல்கடந்தவரும் பெயரற்றுப் போனதன் விளைவு அது. வன்னி 6 இல் நிற்கிறது. அது தானாகவே நிற்கும் என்று எண்ணவேண்டாம். மணலாற்றுப் பக்கத்துக் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் 1984 இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மீண்டு வருவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்று வேறு மாவட்டங்களிற் பதிந்திருக்கிறார்கள்? கொழும்பிலே உத்தியோகம் பார்க்கின்ற எத்தனை வன்னிப் பிள்ளைகள், சட்டம் இடந்தரும்போதும் ஊரிலே பதியாதிருக்கிறார்கள்?

ஆகவே படித்தவர்களாகிய உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். இடாப்புத் திருத்தத்துக்குரிய படிவம் வருகின்ற மாதங்களில், கிராமத்துக்கு இருவராகச் சென்று, கிராம அலுவலரின் பட்டியலை வீட்டுக்கு வீடு ஒத்துப் பாருங்கள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்களுக்கு முதலிற் செல்லுங்கள். விட்டுப்போன பெயர்கள் அங்கேதான் அதிகம் இருக்கக்கூடும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாதவருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். பெயர் விட்டுப்போனால் முறைப்பாடு செய்வதற்குத் தவணை உண்டு, அத்தவணையைத் தவறவிடாதீர்கள்.

நாம் சொல்ல வந்தது இவ்வளவே. செட்டிகுளத்துக்கும் நெடுங்கேணிக்கும் போகவேண்டியவர்கள் கடைசி பஸ் புறப்படுமுன் கேள்விகளைக் கேட்கலாம். அவர்களுக்கு முதலில் விடை கூறுகிறோம்.